ஒற்றைக் குருத்து: மழைக்காலத்தில் தென்னையையும் பனையையும் காத்த கதை

முன்னுரை

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் வயலும், அதற்கு அப்பால் தென்னந்தோப்பும், அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். கூமாப்பட்டி, பிளவக்கல் அணைப் பகுதி, தெற்கே திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று மலையடிவாரம் நெடுகிலும் தென்னைதான். ஊர்ப்பெயரில் இருக்கும் 'கான்சா' என்பது 'கான் சாகிப்' என்பதன் சுருக்கம் என்பர். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டு, 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்னும் யூசுப்கானைத்தான் மக்கள் கான் சாகிப் என்று அழைத்தனர். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரின் பெயர் பனையூர்.

பனைக்கும் தென்னைக்கும் பேர்போன இந்தச் சீமையில் ஆண்டுதோறும் ஒரு பயம் உண்டு. அது கோடையைப் பற்றிய பயம் அல்ல. கிணற்றில் தண்ணீர் இருந்தால் கோடையைச் சமாளித்துவிடலாம். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து அடைமழையாகப் பெய்து, வெயிலே தலைகாட்டாமல், மலைக்காற்று சில்லென்று வீசும் நாட்களில்தான் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தென்னை திடீரென்று நடுக்குருத்து வாடி நிற்கும். அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் அழுகிய நாற்றம் குடலைப் பிடுங்கும். இதற்குக் குருத்தழுகல் நோய் என்று பெயர்.

மழையும் குளிரும் சேர்ந்தால் இந்த மரங்கள் ஏன் சாகின்றன? அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? மரங்களைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்தார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். சுமார் 120 ஆண்டுகால வரலாறு இது. இதில் அறிவியலும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, கோடரியும் இருக்கிறது.

தென்னை ஒரு புல்!

வேப்பமரத்தின் உச்சியை வெட்டினால் அது பக்கத்தில் கிளைத்து வளரும். புளியமரத்தை மொட்டையடித்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு உயிர் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். கொண்டையின் நடுவில், மட்டைகளும் பன்னாடையும் சுற்றிச்சுற்றிப் பொதிந்து வைத்திருக்கும் வெள்ளை நிறக் குருத்துதான் அது. ஒவ்வொரு மட்டையும் ஒவ்வொரு பாளையும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. அது அழிந்தால் மரத்துக்கு மாற்றுக் குருத்து இல்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழர்கள் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே வைரம் பாய்ந்தவை மரம். வெளியே வைரம் பாய்ந்து உள்ளே சோறாக இருப்பவை புல். இந்த இரண்டாம் வகையில்தான் பனையும் தெங்கும் அடங்கும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். இன்றைய தாவரவியலும் இவற்றை நெல், மூங்கில் ஆகியவற்றைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே சொல்கிறது. ஆகவே தென்னையை மரம் என்பது நம் வழக்கம்தானே தவிர, உண்மையில் அது வானளவு வளர்ந்த ஒரு புல் எனலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குருத்து செத்த பிறகும் வெளிமட்டைகள் பல மாதங்கள் பச்சையாகவே இருக்கும். ஏற்கெனவே பிடித்த காய்கள் முற்றி விழும். கீழே நின்று பார்ப்பவருக்கு மரம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்த மரத்தின் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். இந்த நோயின் வரலாற்றில் வந்த சண்டைகளுக்கெல்லாம் காரணம், பச்சையாக நிற்கும் இந்தச் செத்த மரம்தான்.

குளிர் நாட்டுக் கதை வேறு

குளிர் நாடுகளில் பனைவகை மரங்களை வளர்ப்பவர்களுக்கும் இதே குருத்துதான் கவலை. அங்கே பனி உறைந்து குருத்தின் செல்கள் வெடித்துவிடும். அதனால் குளிர்காலத்தில் மட்டைகளை மேலே தூக்கிக் கட்டி, வைக்கோலாலோ சாக்காலோ சுற்றி, மழைநீர் நடுவில் தேங்காதபடி மூடிவைப்பார்கள். வசதி உள்ளவர்கள் கண்ணாடி வீடே கட்டினார்கள். இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் 1844 முதல் 1848 வரை டெசிமஸ் பர்ட்டன், ரிச்சர்ட் டர்னர் ஆகியோர் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய 'பாம் ஹவுஸ்' இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. வெப்பமண்டலப் பனைகளை இங்கிலாந்தின் குளிரிலிருந்து காப்பதற்காகவே கொதிகலன் வைத்துச் சூடேற்றிய மாளிகை அது.

நம் ஊரில் பனி உறைவதில்லை. மார்கழியில் திருப்பாவை கேட்க எழுந்திருப்பவர்களுக்குக் குளிரலாம். ஆனால் தென்னையைக் கொல்லும் அளவுக்குத் திருவில்லிபுத்தூரில் குளிர் வராது. அப்படியானால் மழைக்காலத்தில் தென்னை சாவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடம் கோதாவரி ஆற்றின் கழிமுகம்.

கோதாவரிப் பனைகள்

அந்நாளில் சென்னை மாகாணம் வடக்கே கோதாவரிக்கு அப்பாலும், மேற்கே மலபாரிலும், தெற்கே திருநெல்வேலியிலும் பரவிக் கிடந்தது. திருவில்லிபுத்தூர் வட்டாரம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல்தான் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. விருதுநகர் மாவட்டம் உருவானது 1985-இல். ஆகவே கோதாவரியில் ஒரு பயிர்நோய் பரவினால், அது திருநெல்வேலிச் சீமைக்கும் வருமா என்று ஒரே அரசாங்கம்தான் கவலைப்பட வேண்டியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைமரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. தென்னையும் செத்தது, ஆனால் பனை அளவுக்கு இல்லை. பனை போனால் பலருடைய பிழைப்பும் போய்விடும். கள், பதநீர், வெல்லம், நுங்கு, கிழங்கு, கூரைக்கு ஓலை, வீட்டுக்கு உத்தரம் என்று எல்லாமே பனையிலிருந்து வந்தவை. அரசாங்கத்துக்கும் கள்ளிலிருந்து கலால் வருமானம் வந்துகொண்டிருந்தது. எனவே நோயை ஆராய ஒரு நிபுணரை அனுப்பினார்கள்.

அவர் பெயர் எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்துக்காரர், 1874-இல் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு, மனிதருக்கு வைத்தியம் பார்க்காமல் செடிகளின் நோய்களை ஆராய வந்தவர். 1905-இல் பீகாரிலுள்ள பூசாவில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சையியல் நிபுணராகப் பணியாற்றினார். இந்தியாவில் தாவர நோயியலின் தந்தை என்று பாடப்புத்தகங்களில் குறிப்பிடப்படுபவர் இவரே.

பட்லர் பனையின் கொண்டையைப் பிரித்து அடுக்கடுக்காகப் பார்த்தார். நோய் நேராகக் குருத்தில் தொடங்கவில்லை. வெளி மட்டையின் அடிப்பகுதியில் சிறு புள்ளி விழுகிறது. அது உள்மட்டைக்கு, அதற்கும் உள்ளே இருக்கும் மட்டைக்கு என்று ஒவ்வொரு சுவராகத் துளைத்துக்கொண்டு போகிறது. கடைசியில் குருத்தை அடைகிறது. அப்போதுதான் மரம் சாகிறது. வெளியே புள்ளி விழுவதற்கும் குருத்து சாவதற்கும் இடையே பல மாதங்கள் ஆகலாம். வெயில் காலத்தில் நோய் வேகம் குறைந்து, மழை வந்ததும் மறுபடி வேகம் பிடிக்கும். அந்தப் புள்ளிகளில் வாழ்ந்த நுண்ணுயிருக்கு அவர் 1907-இல் 'பித்தியம் பால்மிவோரம்' என்று பெயரிட்டார். பால்மிவோரம் என்றால் 'பனை தின்னி' என்று பொருள். 1910-இல் இந்தியாவின் பனைக் குருத்தழுகல் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு வெளிவந்தது. 1919-இல் இந்த உயிரியை 'பைட்டோப்தோரா' என்ற பேரினத்துக்கு மாற்றினார். இன்றும் அதன் பெயர் பைட்டோப்தோரா பால்மிவோராதான்.

செடிகொல்லி

பைட்டோப்தோரா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'செடிகொல்லி' என்று பொருள். 1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி வைத்த பெயர் இது. அவர் இந்தப் பெயரை வைத்தது உருளைக்கிழங்கைத் தாக்கும் உயிரிக்கு. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் நுழைந்து, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறக்கக் காரணமானது அதுதான். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் நாட்டைவிட்டு ஓடினர். அயர்லாந்திலிருந்து வந்த பட்லர், கோதாவரிப் பனையில் கண்டது அதே குடும்பத்து உறவினரை!

இதைப் பூஞ்சை என்றே வழக்கத்தில் சொல்கிறோம். ஆனால் இன்றைய வகைப்பாட்டின்படி இது உண்மையான பூஞ்சை அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூஞ்சை வகை. இதன் வித்துகள் நீரில் விழுந்தால், ஒவ்வொன்றும் வெடித்து, இரண்டு மெல்லிய சாட்டை போன்ற இழைகளைக் கொண்ட பல நுண்வித்துகளை வெளியே விடும். அவை நீந்தும்! மட்டை இடுக்கில் தேங்கிய ஒரு துளி மழைநீர் அவற்றுக்கு ஒரு குளத்துக்குச் சமம். நீந்திப் போய் இளம் திசுவில் ஒட்டி, முளைத்து, உள்ளே நுழைந்துவிடும்.

ஆகவே மழையும் குளிரும் நேரடியாகத் தென்னையைக் கொல்வதில்லை. கொல்பவனுக்குப் பாதை போட்டுத் தருகின்றன. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேலும், வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையும் இருக்கும் நாட்களே நோய்க்கு மிக ஏற்றவை என்று வேளாண் நூல்கள் கூறுகின்றன. மலையடிவாரத்தில் கார்த்திகை மாத அடைமழை இரவுகளை நினைத்துப் பாருங்கள். மழை நின்றாலும் ஓலை காயாது. மேகம் மலையை விட்டு நகராது. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. மட்டுமே. ஆனால் அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாகச் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வாரங்களே செடிகொல்லிக்குப் போதும்.

இதற்குக் கூட்டாளியும் உண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து ஓட்டை போடும். அந்தக் காயம் நோய்க்குத் திறந்த வாசல். கள் இறக்கும்போது ஏற்படும் அரிவாள் காயமும் அப்படியே. வயதான மரங்களைவிட இளம் மரங்களே இந்த நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

பாக்டீரியாவா, பூஞ்சையா?

பட்லர் சொன்னதை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கியூபா உள்ளிட்ட கரீபியன் தீவுகளிலும் தென்னைகள் குருத்தழுகிச் செத்துக்கொண்டிருந்தன. அங்கே ஆராய்ந்த அமெரிக்க வேளாண் துறையின் ஜான் ஜான்ஸ்டன், 1912-இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று எழுதினார்.

அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அழுகிய குருத்தைத் திறந்தால் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தத் தாங்க முடியாத நாற்றம் அவற்றின் வேலைதான். ஆனால் வீட்டில் கன்னம் வைத்தவன் ஒருவன், திறந்த வீட்டில் பின்னால் நுழைந்தவர்கள் வேறு பலர். பின்னால் வந்தவர்களைப் பிடித்தால் முதல் திருடன் தப்பிவிடுவான் அல்லவா?

இந்தியாவில் எஃப். ஜே. எஃப். ஷா என்பவரும் எஸ். சுந்தரராமன் என்ற தமிழரும் சேர்ந்து மலபார் தென்னைகளின் குருத்தழுகலை ஆராய்ந்து 1914-இல் கட்டுரை வெளியிட்டனர். சுந்தரராமன் பிற்காலத்தில் சென்னை மாகாண அரசின் பூஞ்சையியலாளராகக் கோயம்புத்தூரில் பணியாற்றினார். பிலிப்பைன்ஸில் ஓட்டோ ரெய்ன்கிங் என்பவர் செய்த ஆய்வுகளும் பைட்டோப்தோராவையே சுட்டிக்காட்டின. இப்படிப் பல நாடுகளில் பலர் உழைத்த பிறகே குருத்தழுகலில் செடிகொல்லியின் பங்கு உறுதியானது.

கோடரியும் தீயும்

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து? ஆயிரக்கணக்கான பனைகளின் உச்சியில், 60 அடி உயரத்தில், மட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் உயிரியை எப்படி ஒழிப்பது? அரசாங்கம் தேர்ந்தெடுத்த வழி, நோய்ப்பட்ட மரங்களின் தலையை வெட்டி எரிப்பது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வித்துகள் போகாமல் தடுக்க வேறு வழி அப்போது தெரியவில்லை. சென்னை மாகாணப் பூஞ்சையியலாளராக இருந்த டபிள்யூ. மக்ரே இந்த நடவடிக்கைகளின் முழு வரலாற்றையும் தொகுத்து 1923-இல் வெளியிட்டார்.

இப்போது மரத்தின் சொந்தக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் மரம் பச்சையாக நிற்கிறது. பாளை விட்டிருக்கிறது. எங்கிருந்தோ வந்த அதிகாரி, மேலே ஆளை ஏற்றிப் பார்த்து, "மட்டையில் புள்ளி இருக்கிறது, வெட்ட வேண்டும்" என்கிறார். அந்த மரத்தை நட்டவர் அவருடைய தாத்தாவாக இருக்கலாம். இன்னும் பல ஆண்டுகள் பலன் தரும் என்று நம்பியிருப்பார். புள்ளி விழுந்த மரம் சாவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று பட்லரே சொல்லியிருக்கிறார். அந்த மாதங்களின் வருமானத்தை ஏன் விட வேண்டும்? ஆனால் அந்த மாதங்களில்தான் அந்த மரம் சுற்றியுள்ள மரங்களுக்கு நோயைக் கொடுக்கும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. சொந்தக்காரர் இழப்பது தன் மரத்தை. ஆனால் வெட்டுவதால் பிழைப்பது பக்கத்துத் தோப்புக்காரரின் மரம். தனக்கு நட்டம், அடுத்தவனுக்கு லாபம் என்றால் யார்தான் மனமுவந்து கோடரியை எடுப்பார்கள்? தனி மனிதரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் நோய் நிற்காது என்று அரசு முடிவுக்கு வந்தது.

1914-இல் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம், அழிவு செய்யும் பூச்சிகளும் நோய்களும் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுப்பதற்கானது. உள்ளூரிலேயே பரவும் நோய்களுக்கு அது போதவில்லை. சென்னை மாகாணம் 1919-இல் 'வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுக்கு இதுவே முன்னோடி. ஒரு நோயை அறிவிக்கை செய்துவிட்டால், தடுப்பு நடவடிக்கையை எடுக்கும்படி நிலச் சொந்தக்காரருக்கு அரசு உத்தரவிடலாம். அவர் செய்யாவிட்டால் அதிகாரிகளே செய்யலாம். பருத்தி விளையும் கரிசல் மண் ஊர்களில், அறுவடை முடிந்த பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்ற உத்தரவும் இந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். 'என் மரம், என் விருப்பம்' என்ற பேச்சு அதோடு முடிந்தது.

இவ்வளவும் செய்தும் நோய் அடியோடு ஒழியவில்லை. பரவும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம், அழிக்க முடியாது என்பதே அந்தப் போராட்டம் தந்த பாடம். நோய் மரத்தின் தலையை வெட்டி எரிப்பது, காப்பாற்ற முடியாத மரங்களுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

திராட்சைத் தோட்டத்தில் கிடைத்த மருந்து

மரத்தை வெட்டாமலே காப்பாற்ற உதவும் மருந்து பிரான்ஸ் நாட்டில் தற்செயலாகக் கிடைத்தது. 1870-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, 1882-இல் மெடாக் பகுதியில் ஒரு தோட்டத்தின் வழியே போனார். சாலையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பச்சையாக இருந்தன. உள்ளே இருந்த கொடிகள் காய்ந்துபோயிருந்தன.

விசாரித்தபோது உண்மை தெரிந்தது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்திருந்தார்கள். நீல நிறத்தைப் பார்த்து விஷம் என்று பயப்படுவார்களாம்! திருடனை விரட்ட அடித்தது நோயை விரட்டிவிட்டது. மில்லார்டே மேலும் ஆராய்ந்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். அதுவே 'போர்டோ கலவை'. திராட்சையின் அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவதும் நீர்ப்பூஞ்சை வகைதான். ஆகவே அதே தாமிரம் தென்னையின் செடிகொல்லிக்கும் எதிராக வேலை செய்தது. நீரில் நீந்தும் வித்து, தாமிரம் கலந்த நீரில் பிழைக்காது.

இதைத் தயாரிக்க எந்தத் தொழிற்சாலையும் வேண்டாம். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரமும் கூடாது. மண்பானை, மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் ஏற்றது. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பளபளப்பான கத்தியைச் சற்று நேரம் அதில் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைய கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

நோய் வந்த மரத்துக்கு 10 சதவீதப் பசை. 100 கிராம் துத்தமும் 100 கிராம் சுண்ணாம்பும் தலா அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் ஒரு லிட்டர் பசை கிடைக்கும். அழுகிய பாகத்தை நல்ல சதை தெரியும்வரை சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, பசையைத் தடவி, மழை கழுவிவிடாமல் இருக்கப் பாலித்தீன் தாளாலோ மண்சட்டியாலோ மூடிவைக்க வேண்டும். புதுக் குருத்து முட்டிக்கொண்டு வரும்வரை மூடி இருக்கட்டும். குருத்தின் வளர்முனை மட்டும் பிழைத்திருந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

குளிர் நாட்டில் சாக்குப் போட்டு மூடுவதும், நம் ஊரில் சட்டி கவிழ்த்து மூடுவதும் ஒரே நோக்கம்தான். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. அவ்வளவே.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

சென்னை மாகாண அரசு 1916-இல் காசர்கோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அதுவே வளர்ந்து, 1970-இல் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக ஆனது. இத்தகைய நிறுவனங்களும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இன்று சொல்லும் முறைகளின் சாரம் இதுதான்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே கொண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த மட்டை, பழைய பாளை, பன்னாடைக் குப்பை எல்லாம் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. பிறகு 1 சதவீதப் போர்டோ கலவையைக் கொண்டையிலும் மட்டை இடுக்குகளிலும் படும்படி தெளிக்க வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கு இது கட்டாயம். மான்கோசெப் மருந்தை 5 கிராம் வீதம் துளையிட்ட சிறு பொட்டலங்களில் போட்டுக் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வைக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கும். மழையையே மருந்து கொடுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் நல்ல யோசனை இது!

வண்டைத் தடுக்க, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மட்டை இடுக்குகளில் போடுவது வழக்கம். நடும்போதே 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் காற்றும் வெயிலும் உள்ளே போகும். நெருக்கி நட்ட தோப்பில் ஈரம் காயாது. தோப்பில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டிவிடுவதும் அவசியம்.

ஏறிப் பார்ப்பவர் யார்?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. யாராவது மரத்தில் ஏற வேண்டும்! பட்லரின் ஆய்வும், மாகாண அரசின் நடவடிக்கைகளும், இன்றைய பசையும் பொட்டலமும் எல்லாமே மரமேறிகளின் கைகளையும் கால்களையும் நம்பியவை. புத்தகங்களில் பட்லர், மக்ரே, சுந்தரராமன் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்காக மேலே ஏறி மட்டையை விலக்கிப் பார்த்தவர்களின் பெயர்கள் இல்லை.

தென்னையில் ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டுவார்கள். காய் வெட்ட ஏறுபவரே மரத்துக்கு வைத்தியரும் ஆவார். குருத்து சற்று வெளிறியிருந்தாலும், வண்டு துளைத்திருந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். ஆனால் அடைமழைக் காலத்தில் மரம் வழுக்கும். அப்போது ஏறினால் உயிருக்கே ஆபத்து. வெட்டு தள்ளிப்போகும். ஆக, எந்த வாரங்களில் நோய் தொடங்குகிறதோ அதே வாரங்களில்தான் கொண்டையைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. மழை விட்டு அடுத்த வெட்டுக்கு ஏறும்போது குருத்து கையோடு வந்துவிடும்.

இப்போது மரமேறிகளே குறைந்துவிட்டார்கள். கூலியும் ஆபத்தும் பார்த்து அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னையின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்குக் கருவியின் துணையோடு மரமேறவும், மரத்தின் நோய்களை அடையாளம் காணவும் பயிற்சி கொடுத்தது. காய் வெட்டுவதோடு நோய் பார்ப்பதும் சேர்ந்த பயிற்சி என்பது இதில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பட்லர் 1920-இல் இந்தியாவை விட்டுச் சென்று, இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட பூஞ்சையியல் அமைப்பின் முதல் இயக்குநரானார். அந்த அமைப்பு இருந்த இடம் கியூ. பனைகளுக்காகக் கட்டிய கண்ணாடி மாளிகை இருக்கும் அதே ஊர்! கோதாவரியில் மழையில் நனைந்து செத்த பனைகளைப் பார்த்தவர், கண்ணாடிக்குள் சூடாக வாழும் பனைகளின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

கான்சாபுரத்துத் தோப்புகளுக்குக் கண்ணாடி வீடு கட்ட முடியாது. மழையை நிறுத்தவும் முடியாது. நிறுத்த வேண்டியதும் இல்லை, அந்த மழையை நம்பித்தான் கண்மாயும் கிணறும் இருக்கின்றன. ஆனால் ஒரு கைப்பிடி துத்தம், ஒரு கைப்பிடி சுண்ணாம்பு, கவிழ்த்துவைக்க ஒரு சட்டி ஆகியவற்றால் 60 ஆண்டு காய்க்கக்கூடிய மரத்தைக் காப்பாற்றலாம். அதற்குப் புரட்டாசி முடிவதற்குள் யாராவது ஒருவர் மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், செத்த மரமும் பச்சையாகத்தான் தெரியும்.